விடைத்தாளில் 786

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி வந்து பூமிகா கேட்ட பிறகுதான், தன் கை செய்துவைத்த காரியம் ஜபீனுக்கு நினைவு வந்தது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள். தமிழ் முதல் தாள் முடிந்து பொன்னேரி வெயிலில் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். பூமிகா உப்பு தொட்ட நெல்லிக்காயைக் கடித்தபடியே பேசினாள்.

"பழக்க தோசத்துல பிள்ளையார் சுழி போடப் போயி, டக்குனு கைய இஸ்துக்கினேன்டி. சாமி குறி எதுனா போட்டா பேப்பரே செல்லாதுன்னு காலைல எச்செம்மு மிஸ்ஸு அந்தக் கத்து கத்துனாங்களே. நீ உங்குளுது எதுனா போட்டியா?"

ஜபீன் போட்டிருந்தாள். முதல் பக்கத்தின் தலையில், நட்டநடுவில், 786. அவள் வீட்டில் அது இல்லாமல் காகிதம் கிடையாது. அல்லாஹ்வின் பெயரால் என்று தொடங்கும் பிஸ்மில்லாவை முழுதாக எழுதினால் தாள் எங்காவது காலில் மிதிபடுமே என்று எண்ணாக எழுதுவார்கள். அத்தா ஹனீப்பின் கடை பில்லில் அது இருக்கும். அம்மா மெஹர்னிசா வெங்காயத்துக்குச் சீட்டு எழுதினாலும் முதலில் 786, பிறகுதான் வெங்காயம்.

"போட்டுட்டேன்டி."

"அய்யய்யோ. செத்த நீ."

அண்ணன் சர்ஃபராஸ் பத்தாவதில் கோட்டைவிட்டு, இப்போது கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனிக்கு ரயிலேறிக்கொண்டிருந்தான். அவனுக்கு மறுதேர்வுக்குப் பணம் கட்டிக் கட்டி அலுத்துப்போன அத்தா ஜபீனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஒரே தபா. பாஸானா ப்ளஸ் ஒன்னு. இல்லன்னா பையத் தூக்கி பரண்ல போட்டுரு."

பூமிகாவிடம் பையைத் தள்ளிவிட்டு ஜபீன் உள்ளே ஓடினாள்.

தேர்வு அறையில் ஆரோக்கியமேரி மிஸ் விடைத்தாள்களை வரிசை எண்படி அடுக்கிக்கொண்டிருந்தார். மேற்பார்வைக்காக வேறு பள்ளியிலிருந்து வந்தவர்.

"மிஸ், என் பேப்பர்ல மேல..."

"கிட்ட வராத. அங்கயே நில்லு. மேல இன்னா? நம்பர தப்பா எழுதிட்டியா?"

"இல்ல மிஸ். ஏழு எட்டு ஆறுன்னு..."

தேர்வு எண்ணைக் கேட்டு, மிஸ் அடுக்கிலிருந்து தாளை உருவினார். பேனாவில் மை சரியாக இறங்காமல் ஏழு பாதி வெளுத்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்தியா?"

ஜபீன் மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள். மிஸ்ஸுக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரிந்துதான் கேட்கிறாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உன்னத்தான் கேக்குறேன். கிறுக்கல்னா அடிச்சிட்டுப் போயிக்கினே இரு. வேற எதுனான்னா நான் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். அப்புறம் பேஜாரு."



"கிறுக்கல்தான் மிஸ்."

மிஸ் தாளை மேசையில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜபீன் குனிந்து, ஆறில் தொடங்கி ஏழு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தாள். இந்த முறை மை நன்றாக இறங்கியது.

வெளியே பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. தேர்வு முடிந்ததும் பேச வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

"நல்லா எழுதினியாடி?"

"எழுதினேம்மா."

"786 போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப இன்னாத்துக்குக் கொரலு இப்புடி இருக்குது? போட்டாச்சில்ல, பயமே வேணா. நாளைக்கும் மறக்காம போடு. இன்னா, கேக்குதா?"

ஜபீன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"அம்மா, பஸ்ஸு வந்துடுச்சி. வெச்சிடறேன்."

வைத்தாள். பூமிகா சாலையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி பஸ்ஸு?"