அளவுக்கு நின்றவர்

நாடும் நகரமும் இனி வரப்போகும் தலைமுறைகளும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. எங்கள் பம்பு கம்பெனியில் வரைவதும் வாங்குவதும் ஒரே செயலாகிவிட்டன. டிசைன் பிரிவில் ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு போல்ட்டை வரைந்தால், அவர் கையை எடுப்பதற்குள் சப்ளையரிடமிருந்து லாரி கிளம்பிவிடும். நடுவில் மனிதர் யாரும் கிடையாது. எம்.டி. இதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர் வைத்து மேடையேறி அறிவித்தார். கோட்டு போட்ட ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் நின்று, சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் தனக்குத் தம்பி முறை என்பதுபோல் தலையாட்டினார்.

மறுநாள் டிசைனுக்கும் பர்ச்சேஸுக்கும் நடுவிலிருந்த வராண்டாவைக் கழற்றினார்கள். இனி அது தேவையில்லை. பாய் மாதிரிச் சுருட்டி, பழைய இரும்புக்காரர் ஒருவரிடம் போட்டுவிட்டார்கள். அதன்பின் டிசைன் பிரிவின் கதவைத் திறந்தால் நேரே ராஜ்கோட்டிலுள்ள சப்ளையரின் குடோன். கழிப்பறைக்கு ராஜ்கோட் வழியாகப் போய்வந்தோம். பழகிவிட்டது.

எனக்கு அந்த வராண்டாவைப் பிடிக்கும். அதன் நடுவே ஓர் இடத்தில் மட்டும் வெயில் விழும்.

எங்கள் பம்புப் படங்களில் பம்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்பார். பம்பு எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக. அவர் நாச்சிமுத்து அண்ணன். டிசைன் பிரிவின் தலைவர். முதல் பம்பை வரைந்த அன்று அளவு காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரம். கையில் டிபன் கேரியரோடு அவரே போய் நின்றார். பிறகு வந்த படங்களிலெல்லாம் அவரையே எடுத்து ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது அவரும் கேரியரோடு அதற்குள் போனார்.

பர்ச்சேஸில் கருணாம்பிகை இருந்தார். படம் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, சிவப்புப் பென்சிலால் அண்ணன்மேல் ஒரு கோடு போடுவது. இதை வாங்க வேண்டாம் என்று அர்த்தம். கோடு விழுந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் வராண்டாவில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவார்.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கும் என்னைய அடிச்சுப் போட்டீங்களா?"

சண்டை தொடங்கும். அண்ணனில் ஆரம்பித்து, வாஷரின் கனம், கிடைக்காத பித்தளை, சொன்ன நாளில் வராத இரும்பு வார்ப்பு என்று போகும். முடியும்போது படத்தில் இருந்த தப்பெல்லாம் சரியாகியிருக்கும். வருகிற பொருளைச் சோதித்து வாங்குவது என் வேலை. நான் வெயில் விழும் இடத்தில் நின்று டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருங்கிணைப்பு என்ற பெயர் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

போன மழைக்காலத்தில் அண்ணன் தவறிப்போனார். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் மயானத்துக்குப் போய்வந்தோம். படங்களில் நின்றுகொண்டுதான் இருந்தார்.

ஆகவே புதிய ஏற்பாட்டின் முதல் லாரியில் அவர் வந்து இறங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. படத்தில் இருந்தார். கருணாம்பிகைக்குப் படம் போகவில்லை. யாரும் அடிக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கிவிட்டது.

போல்ட்டுப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியில் வைக்கோல்மேல் படுத்திருந்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். புது பெயின்ட் வாசம் அடித்தது.

"சாப்டாச்சா, தேவராசு?" என்றார்.

"இன்னும் இல்லீங்ணா."

"வா, சாப்டலாம்."

கேரியர் திறக்கவில்லை. படத்தில் அதை உள்ளே எதுவுமில்லாமல் வெறும் கட்டியாக வரைந்திருந்தார்கள். சப்ளையரும் கட்டி இரும்பாகவே செய்து அனுப்பியிருந்தார். அண்ணனுக்கு முதுகும் இல்லை. முன்பக்கம் மட்டும்தான் வரைந்திருந்தது. சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். டேப்பைப் பிடித்து உயரத்தை அளந்தேன். படத்தில் இருந்தபடியே இருந்தார்.

அதுதான் சிக்கல். கம்ப்யூட்டருக்கு நான் சரி என்று சொல்லவேண்டும், அல்லது சரியில்லை என்று சொல்லவேண்டும். சரி என்றால் அண்ணனைப் பம்போடு சேர்த்து முறுக்கி, வாங்கியவருக்கு அனுப்பிவிடுவார்கள். சரியில்லை என்றால் சப்ளையர் திரும்ப எடுத்துக்கொண்டு போய் உருக்கிவிடுவார். அண்ணனை ஏற்கெனவே ஒரு தடவை வழியனுப்பியாகிவிட்டது. மறுபடியும் என்னால் முடியாது.

ஆகவே அளந்துகொண்டே இருந்தேன். அளந்து முடிகிறவரை பொருள் என் பொறுப்பு. காதை அளந்தேன். கைவிரல்களை அளந்தேன். சட்டைப் பொத்தான்களை அளந்தேன். அண்ணன் பழைய கதைகளைச் சொன்னார். கம்ப்யூட்டருக்கு முன்னால், அம்மோனியாவில் நகலெடுத்த பம்புப் படங்கள் அந்த வாசத்தோடு சுருளாக வந்த காலம். மின்சாரம் போனால் எல்லோரும் வராண்டாவில் கூடிவிடுவது. கருணாம்பிகை வேலைக்குச் சேர்ந்த அன்று எம்.டி.யின் மேல் கோடு போட்டது. நான் சிரித்தேன். அவர் இறந்துபோனதை மட்டும் சொல்லவில்லை. படத்தில் அது இல்லை.

ஆலோசகர் வந்தார். நாச்சிமுத்து பற்றாக்குறையால் பம்புகள் தேங்கிக் கிடக்கின்றன என்றார். நான் வாய் திறக்காவிட்டால் சாயங்காலம் கம்ப்யூட்டரே சரி என்று எடுத்துக்கொள்ளும் என்றார். இவர் எங்கள் அண்ணன் என்றேன்.

"அதுக்கு சிஸ்டத்துல கட்டம் இல்ல சார்" என்றார்.

நான் போய்க் கருணாம்பிகையைக் கூட்டிவந்தேன். ராஜ்கோட் வழியாகத்தான் வந்தோம். வேலையில்லாவிட்டாலும் பென்சிலைச் சீவிக் கையில் வைத்திருந்தார். அண்ணனை வெகுநேரம் பார்த்தார்.

"இளைச்சுப் போயிட்டீங்களேண்ணா."

"முதுகு இல்லீங்க அம்மணி, அதான். ஒரு கோடு போட்டு உடுங்க."

"போட்டா போயிருவீங்க."

"போனாத்தானே சண்டைக்கு வர முடியும்."

"எதுல வருவீங்க? வராண்டாவ வித்துப்போட்டாங்க."

"நீங்க போடுங்க. நான் வர்றேன்."

கருணாம்பிகை கோடு போட்டார். தோளிலிருந்து இடுப்புவரை, எப்போதும் போடுவது மாதிரி. அண்ணன் சாய்ந்திருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது, பெட்டியில் வைக்கோல் மட்டும் இருந்தது. எல்லாப் படங்களிலிருந்தும் அண்ணன் போய்விட்டார். ஆலோசகர் திரையைப் பார்த்து, பச்சை ஆகிவிட்டது என்று நன்றி சொன்னார்.

நாங்கள் காத்திருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் வராண்டா இருந்த பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை.

பிறகு பழைய இரும்புக்காரர் போன் செய்தார்.

"உங்க வராண்டாக்குள்ள ஆரோ நடந்துட்டே இருக்கறாருங்க. செருப்புச் சத்தம் தாங்க முடியல. எடுத்துட்டுப் போயிருங்க."

திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றேன். வரையாத பொருளை வாங்க முடியாது என்றார்கள். ஆகவே அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து நானே வராண்டாவை வரைந்தேன். எனக்கு வரையத் தெரியாது. வெயில் விழும் இடத்தை வரைந்தேன். டீக்கறையை வரைந்தேன். கையை எடுப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

வந்த லாரியில் ஒன்றும் இல்லை. டிரைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வராண்டா அதற்குள் இருந்தது. அவர்மேல் தப்பில்லை. படத்தில் பக்கத்தில் ஆள் நிற்கவில்லை. எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும். பம்புப் படங்களிலும் இப்போது அண்ணன் இல்லை; டிரைவரின் இன்னொரு பையில் பம்பின் உதிரி பாகங்கள் இருந்தன.

கருணாம்பிகை தீப்பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"வந்துட்டு இருக்கறாரு" என்றார். பென்சிலை மறுபடி சீவினார்.

பம்பை இடுக்கியால் கோத்து முடித்தார்கள். எம்.டி. அதற்கு மாலை போட்டார். ஒருங்கிணைப்பின் மகத்தான முதல் கனி இது என்றும், இதன் பெருமையை உலகம் அளந்து பார்க்கட்டும் என்றும் மேடையில் பேசினார். ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பம்பு உருண்டு மேடைக்கு அடியில் போய்விட்டது.