வேட்பாளர் வெளியே போகும் நேரம்

“இனி நீங்க கொஞ்சம் வெளிய இருங்க வெர்னா,” என்று கெண்ட்ரிக் காதோடு காதாகச் சொன்னான். அவளுடைய தேர்தல் வேலைகளைக் கவனிப்பவன் அவன்தான்.

வேட்பாளர் தன் வாயால் பெருந்தொகை கேட்கக் கூடாது, அது சட்டம். அதனால் இப்படி ஒரு வீட்டில் கூடும் பணக்காரர்களிடம் பேசி முடித்ததும் அவள் எழுந்து போய்விட வேண்டும். அவளுக்காக விளம்பரம் போடும், காகிதத்தில் மட்டும் அவளோடு சம்பந்தமில்லாத ‘தனி’ அமைப்பின் ஆள் அதற்கப்புறம் தொகையைக் கேட்பான். அவள் காதில் விழவில்லையாம், அதனால் பாவமில்லையாம்! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

வெர்னா அந்த வீட்டுச் சமையலறையில் போய் நின்றாள். வட கரோலினாவின் அந்தக் கிழக்குப் பக்கத்தில் நர்ஸாக இருந்தவள். பன்றிப் பண்ணைக் கழிவு கிணறுகளில் இறங்கி, குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து வயிறெரிந்துதான் போட்டியிட்டாள். வருகிற வியாழக்கிழமை தொலைக்காட்சி விவாதத்தில் அவள் முதலில் பேசப்போவதும் அதைத்தான்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. ஹார்லன் ப்ரூவெட்டின் குரல் கேட்டது. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பாதி அவருடையது.

“பொண்ணு நல்லாத்தான் பேசுது. இந்தக் கிணத்து விவகாரம் மட்டும் எதுக்கு? ரோடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, அதப் பேசட்டும். நான் தாராளமா செய்யறேன்.”

“அத நான் பாத்துக்கறேன் சார்.” இது கெண்ட்ரிக்.

அடப்பாவி! வெர்னாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கதவைத் தள்ளிக்கொண்டு போய் ப்ரூவெட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இன்னொரு கிளாஸ் ஐஸ் டீ குடுங்க.”

அவள் உட்கார்ந்திருக்கும்வரை ஒருவரும் தொகையைப் பற்றி மூச்சுவிட முடியாது. கெண்ட்ரிக்கின் கழுத்தெல்லாம் வியர்த்தது. அவள் டீயைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள்.

“ஏம்மா, நாங்க கொஞ்சம் தனியா பேசணும்,” என்றார் ப்ரூவெட்.

“பேசுங்க சார், என்னப் பத்தித்தானே? வியாழக்கிழமை நான் கிணத்தப் பத்தித்தான் பேசுவேன்.”

ப்ரூவெட் சிரித்தபடி தொப்பியை எடுத்தார். “பணம் சும்மா தூங்காதும்மா. இங்க எடமில்லன்னா ஒன் எதிராளி வீட்டுக்குப் போகும்.”

அவர் போனார், பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

“வெண்ண தெரண்டு வர்றப்போ தாழிய ஒடச்சிட்டீங்களே!” என்று கெண்ட்ரிக் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஒடஞ்சா ஒடையட்டும் போ.”

வியாழக்கிழமை சொன்னபடியே பேசினாள். அந்த வாரக் கடைசியிலிருந்து எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவள் முகம்தான். கறுப்பாக, கோணலாக ஒரு படம். பண்ணைகளை மூடி உங்கள் வேலையைப் பறிக்க வருகிறாள் என்று ஒரு குரல். பதில் விளம்பரம் போட அவளிடம் காசில்லை.

அவள் வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கால்நடையாகக் கிளம்பினாள். பண்ணையின் பன்றிக் கழிவைத் தேக்கும் குட்டைக்குப் பக்கத்துத் தெருவில் முதல் கதவைத் தட்டினாள். இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். கடையில் வாங்கிய தண்ணீர் கேன்கள் வாசல்வரை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“உங்க கிணத்துக்காகத்தான் வந்திருக்கேன்மா,” என்றாள் வெர்னா.

“டிவில பாத்தோம். எம் புருசன் பண்ணையிலதான் வேல பாக்கறாரு,” என்றாள் அவள். “ஒங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்றாதீங்க.”

கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாள்.