கரை நாள் மாத்திரை

சவரிநாதன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கின காலத்தில் எடை போட்டவன் ஏமாற்றினான், மேஸ்திரி ஏமாற்றினான், சங்கத்துக்குச் சந்தா வாங்கினவன் ஊரை விட்டே ஓடிப்போனான். இத்தனையும் பார்த்தவனுக்கு டாக்டர் என்ன, மருந்துக்கடை என்ன, எல்லாம் ஒரே கூட்டம்தான். அவன் நம்பினது பெற்ற பெண் ஒருத்தியைத்தான். ஷெர்லின். ஒரே பெண்.

ரெண்டாவது பிரசவத்தில் ஷெர்லினுக்குக் கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு பிள்ளை தங்கினால் உன் உயிர் தங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். உடம்பில் ரத்தம் இல்லை, தேறி வா, அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கலாம், அதுவரைக்கும் மாத்திரை போடு என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். உடம்பு தேறியது. ஆனால் மறுபடி கத்தி வைக்க ஷெர்லினுக்குப் பயம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

மாப்பிள்ளை நெல்சன் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறவன். போனால் ஒரு வாரம், பத்து நாள். வந்தால் ரெண்டு மூணு நாள் கரையில் கிடப்பான், மறுபடி கிளம்பிவிடுவான். ஷெர்லினின் அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆயிற்று. மருந்துக்கடை வாசலில் எந்நேரமும் கோயில் சபைப் பெண்கள் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் அந்த மாத்திரையைக் கேட்க ஷெர்லினுக்கு நாக்கு எழவில்லை. அதனால் சீட்டை எடுத்துக்கொண்டு கிழவன் போனான்.

அவனுக்குக் கூச்சம் கிடையாது. "புள்ள நிக்காத மாத்திர குடும்மா" என்று நாலு தலைக்கு மேலே கையை நீட்டினான். இருமல் மருந்துக்கு நின்ற பக்கத்துத் தெரு துரை திரும்பிப் பார்த்து, "இன்னா மாமு, இந்த வயசுலயா?" என்றான்.

"உன்ன மாரி இன்னொண்ணு ஊருக்கு வேணாம்னுதான்டா."

சபைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடையில் இருந்தது ஜானட். துறைமுகத்தில் கிழவன்கூட மூட்டை தூக்கின வெள்ளத்துரையின் மகள். மருந்துப் படிப்பு படித்துவிட்டு அந்தக் கடையில் வேலை பார்க்கிறாள். சீட்டைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. கிழவனை ஓரமாகக் கூப்பிட்டு, ஷெர்லினுக்கு பிரஷர் உண்டா, ஒத்தைத் தலைவலி வருமா என்று விசாரித்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே நேரத்தில் தினமும் போடணும், முதலில் கொஞ்ச நாள் வாந்தி வரும், தலை சுற்றும், போகப் போகச் சரியாகிவிடும், தாங்கவில்லை என்றால் நிறுத்தாமல் என்னிடம் வரச் சொல்லுங்கள் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"நெல்சன் அண்ணன் கடல்ல இருந்தாலும் போடணும் பெரிப்பா. நடுவுல வுடவே கூடாது."

விற்கிறவள் வேறு எப்படிச் சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டே கிழவன் நடந்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை அப்படியே பெண்ணிடம் ஒப்பித்தான். ஷெர்லினும் தவறாமல் போட்டாள்.

போட்ட நாளாக வாந்தி. சோறு இறங்கவில்லை. சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடம் எடுத்தவள் தலை சுற்றி லாரித் தண்ணீர் கொட்டின சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கிழவன் ஓடிப்போய்த் தூக்கினான். கையில் கனமே இல்லை. நெல்சன் லாஞ்சு ஏறிப் போயிருந்த வாரம் அது.

"புருசன் கடல்ல கீறான். நீ கரையில எதுக்கு மாத்திர முழுங்கிகினு கீற?"

"அந்தக்கா தெனமும் போட சொன்னாங்களே நைனா."

"கரையில கட்டின லாஞ்சுக்கு எவனாச்சும் டீசல் ஊத்துவானா? அவன் வந்தா போட்டுக்கோ."

ஷெர்லின் சிரித்துவிட்டாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து வீட்டு முத்தம்மாவும், கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டிகள் பாதிப்பேர் கரை நாளுக்கு மட்டும்தான் போடுகிறார்கள் என்று ஒத்து ஊதினாள். அதோடு பேச்சு முடிந்தது. லாஞ்சு கரைக்கு வந்தால் மாத்திரை, போனால் இல்லை. வாந்தி நின்றது. ஷெர்லின் வஞ்சிரத் தலையைக் குழம்பு வைத்து ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். ஒரு ஆஸ்பத்திரியும் செய்யாததை நான் செய்தேன் என்று கிழவன் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான்.

மழைக்காலத்தில் சின்னதுக்குக் காய்ச்சல் வந்து சிரப் வாங்கக் கடைக்குப் போனான். ஜானட் சிரப்பை எடுத்து வைத்துவிட்டு, ஷெர்லின் மாத்திரை வேறு கடையில் வாங்குகிறாளா, இங்கே யாரும் வரவே இல்லையே என்று கேட்டாள். வாங்கினதே இன்னும் மிச்சம் இருக்கிறது, அவன் கடலில் இருக்கும்போது நாங்கள் போடுவதில்லை என்று கிழவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

ஜானட் முகம் செத்துப்போனது. "கடசியா எப்ப அவ குளிச்சா, பெரிப்பா?"

அப்பனிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் விளக்கிச் சொன்னாள். நடுவில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் போட்டதற்கே அர்த்தம் இல்லை, புருஷன் வந்த அன்றைக்கு முழுங்கினால் அன்றைக்கே வேலை செய்கிற மாத்திரை இல்லை அது. இப்போதே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே கிளம்பி வந்தாள்.

ஷெர்லினுக்குத் தெரிந்திருந்தது. நாலு மாசம் ஆகியிருந்தது. நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டு மறைத்து வைத்திருந்தாள். நெல்சன் வரட்டும், அவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன், ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்ல வாய் வரவில்லை என்றாள்.

ஷேர் ஆட்டோவில் போனார்கள். உடனே படுக்க வைத்துவிட்டார்கள். அட்மிஷன் சீட்டு எழுதின நர்ஸ் பழைய காகிதங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சொல்லியும் மாத்திரை போடவில்லையா என்று கத்தினாள். கிழவன் வாயைத் திறந்தான். ஷெர்லின் அவன் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள்.

"மறந்துட்டேன் சிஸ்டர்" என்றாள். "புள்ளைங்கள பாத்துகினு மறந்து மறந்து போச்சு."

ரத்தம் ஏற்றி மறுநாள் கருவை எடுத்துவிடலாம் என்றார்கள். மறுநாள் விடியும் முன்னே உள்ளே பழைய தையல் விட்டுவிட்டது. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தது வெறும் உடம்பு.

லாஞ்சுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லி, நெல்சன் கரை சேருகிற வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கைலியில் மீன் செதிலோடு வந்து விழுந்தான். காசிமேட்டுக் கல்லறையில் அவளை அடக்கம் பண்ணினார்கள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லாருக்கும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். சின்னது கிழவன் மடியில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றது. நெல்சனின் அம்மா வியாகுலம்மாள் வந்தவர்களிடம் அழுதபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு ஒரு மாத்திரைய ஞாபகமா போட தெரியலயே அவளுக்கு. எம்புள்ளைய அம்போன்னு வுட்டுட்டு பூட்டாளே." ஆமாம் ஆமாம், அந்தக் காலத்திலிருந்தே அவளுக்குக் கவனம் பத்தாது என்று ஒருத்தி சொன்னாள்.

"அவ மறக்கல" என்றான் கிழவன். "நான்தான் போடாதன்னேன்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பெண் போன துக்கத்தில் பெரிசுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று ஒருத்தர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவளே நர்ஸிடம் மறந்துட்டேன்னு சொன்னாளாமே, உங்க மேல ஏன் பழியைப் போட்டுக்கிறீங்க என்று இன்னொருத்தர் டீயை நீட்டினார். அவன் மறுபடி சொன்னான். மறுபடி தடவிக்கொடுத்தார்கள். ஒருத்தர் வார்த்தையையும் நம்பாமல் காலம் தள்ளினவனுக்கு, இன்றைக்குத் தன் வார்த்தையை நம்ப அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த ஜானட்டைப் பார்த்தான்.

"நீ சொல்லும்மா."

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினாள். கிழவன் கண்ணை எடுக்கவில்லை.

"அவரு சொல்றது நெசந்தான்" என்றாள் ஜானட்.

தடவிக்கொண்டிருந்த கை முதுகை விட்டு எடுபட்டது. வியாகுலம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். சுவரில் சாய்ந்திருந்த நெல்சன் நிமிர்ந்தான்.

"ஏன் மாமா?"

"வாந்தி எடுத்தாப்பா. பாக்க முடியல."

நெல்சன் கிழவனிடம் வந்தான். கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் கிழவன் வாங்கிக்கொண்டிருப்பான். குனிந்து, கிழவன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினான். அது கிழவனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று வீறிட்டது.

கிழவன்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டான்.