பாலத்தில் நின்ற பிரபு

காராபெக் பிரபு உலிக் ஃபாலனுக்கு வண்டியோட்டியவன் நான். பெயர் ஃபெஸ்டி. அயர்லாந்தின் மேயோவில், அவருடைய நிலத்தில்தான் பிறந்தேன். அவர் ஆள் குட்டை, வாதத்தில் வீங்கிய கால், கோபம் வந்தால் காது சிவந்துவிடும். லண்டனில் பிரபுக்கள் சபையில் அயர்லாந்துக்கென்று உட்கார்ந்திருந்த சிலரில் அவரும் ஒருவர். அங்கே எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று உண்மையாகவே நம்பினார்.

ஜனங்களுக்கு இருந்த ஒரே சாப்பாடான உருளைக்கிழங்கு இரண்டாவது வருஷமும் மண்ணுக்குள்ளேயே அழுகியபோது தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குள் அது காலி. சுற்றியிருந்த மற்ற நிலக்காரர்களின் ஓட்ஸோ மூட்டை மூட்டையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தவரை ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீங்க போய்ப் பேசுங்க துரை," என்றாள் சபைனா. கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பெண் குழந்தையோடு இருந்தவள், வாய் அதிகம். "நாங்க கத்தினா நாய் குரைக்குதுன்னு ஜன்னலைச் சாத்திக்குவாங்க. நீங்க பேசினா அவங்க பேசற மாதிரியே இருக்கும்ல?"

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அவளுடைய இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"தானியம் இனிமே வெளிய போகாது. நான் பாத்துக்கறேன்," என்றார்.

வீடு திரும்பும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இப்படிச் சொல்லிட்டீங்களே துரை."

"வேற என்ன சொல்லச் சொல்றே? அந்தப் பிள்ளை கையைப் பாத்தியா நீ?"

லண்டனுக்குப் போனோம். தானியம் வெளியேறுவதை நிறுத்தச் சொல்லி நெடுநேரம் பேசினார். வியாபாரத்தில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று ஒருவர் பதில் சொன்னாராம். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். வெளியே வந்தபோது யாரோ ஒரு பிரபு இவர் தோளில் தட்டி, குரல் பிரமாதமாக இருந்ததென்று பாராட்டினார். வண்டியில் ஏறிய பிறகும் அவர் காது சிவக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஊர் திரும்பிய வாரமே பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓட்ஸ் வண்டிகள் துறைமுகத்துக்குக் கிளம்பின. முன்னும் பின்னும் குதிரைப்படை. சேதி கேட்டு நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஜனங்கள் ஆற்றுப் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

படைத்தலைவன் சின்ன வயசு ஆங்கிலேயன். தொப்பியைக் கழற்றி வணங்கினான்.

"பிரபு அவர்களே, இந்த வட்டாரத்து நீதிபதி நீங்கதான். கலைஞ்சு போகச் சொல்லிச் சட்டத்தை வாசிங்க. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்."

"வாசிச்சா சுடுவே."

"கலையலைன்னா சுடணும்."

"அப்ப வாசிக்க மாட்டேன்." வீங்கிய காலை இழுத்துக்கொண்டே போய், முதல் வண்டியின் மாடுகளுக்கு நேர் எதிரே நின்றார். "என்னைத் தாண்டித்தான் போகணும். போ பாப்போம்."

ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். பலமில்லாத ஆரவாரம். 

அந்த இளைஞன் சற்று யோசித்தான். பிறகு இரண்டு சிப்பாய்களுக்குக் கண் காட்டினான். அவர்கள் அவரை அடிக்கவில்லை, தள்ளவில்லை. கக்கத்தில் கை கொடுத்து, வழுக்கி விழுந்த பெரியவரைத் தூக்குகிற மாதிரி மரியாதையாகத் தூக்கினார்கள். அவர் கால்களை உதறினார். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவருடைய சொந்த வண்டிக்குள்ளேயே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒருவன் செருப்பைப் பொறுக்கி, துடைத்து, ஜன்னல் வழியாகக் கொடுத்தான். என் குதிரைகளின் கடிவாளம் இன்னொருவன் கையில் இருந்தது.

சுடவே தேவைப்படவில்லை. படைக் குதிரைகள் நெருங்கியதும் ஜனங்கள் விலகிவிட்டார்கள். எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இல்லை. வண்டிகள் போனபின் சேற்றில் சிந்தியதைப் பொறுக்கினார்கள்.

சபைனா வண்டி ஜன்னலுக்கு வந்தாள். "உங்களையே பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கி வச்சுட்டானுங்களே துரை. நீங்க எங்களை என்னத்தைக் காப்பாத்துவீங்க?"

செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் அவளையே பார்த்தார். 

அடுத்த மாதம் மறுபடியும் லண்டன் போனார். இந்த முறை தயாரித்த பேச்சு எதுவும் இல்லை. பாலத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னாராம். சிப்பாய்கள் தூக்கிய இடம் வந்ததும் சபை சிரித்துவிட்டது. கெட்ட எண்ணத்தோடு இல்லை, வேடிக்கைக் கதை சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"மேல பேசினீங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். அப்புறம் என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சு. உக்காந்துட்டேன்."

ஊர் வந்ததும் விலைக்கு மாவு வாங்கி, வீட்டுச் சமையலறையையே கஞ்சித்தொட்டி ஆக்கினார். காய்ச்சலில் படுத்துவிட்டவர்களுக்குத் தானே பானையோடு போனார். சபைனாவின் குடிசைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். குழந்தை போய்ச் சேர்ந்திருந்தது. ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று அவர் வாசலிலேயே காத்திருந்தார். அவள் திரும்பக்கூட இல்லை.

"அங்க வையுங்க," என்றாள்.

திரும்பும் வழியில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். நான் பானையை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் மாதம் அவருக்கும் அந்தக் காய்ச்சல் கண்டது. கடைசி நாட்களில் அவருக்கு நினைவு தடுமாறியது. "வண்டியைப் பூட்டு ஃபெஸ்டி, சபை கூடற நேரமாச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பூட்டிட்டேன் துரை," என்றேன்.

குதிரைகளை மே மாதமே அறுத்து ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டோம்.