பொன்னம்பலம் கண்ணடித்த வாரம்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லின்மேலும் சத்தியம்.

கொழும்பு வெள்ளவத்தையில் சேலைக்கடை வைத்திருக்கும் பொன்னம்பலம் ஒரு புதன்கிழமை விடிய எழும்பியபோது, முகத்தின் இடப்பக்கம் எழும்பவில்லை. வாய் கோணிவிட்டது. இடக்கண் மூட மறுத்தது. வலக்கண் மட்டும் இமைத்ததால், பார்த்தவர்களுக்கெல்லாம் அவர் கண்ணடிப்பதாகவே பட்டது.

கடைக்கு வந்த பெண்கள் கோபிக்கவில்லை. ஆளுக்கேற்ப இரகசியமாக விலை குறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அண்ணை, அவவுக்கு அடிச்ச கண்ணை எனக்கும் ஒருக்கா அடியுங்கோ!"

மத்தியானத்துக்குள் வரிசை அடுத்த ஊரான பம்பலப்பிட்டியைத் தாண்டிவிட்டது.

தெரிந்தவர்கள் இல்லாத இடமென்று கொட்டாஞ்சேனைக்குப் போய், டொக்டர் பிறிஜெற்றிடம் முகத்தைக் காட்டினார்.

"முக நரம்பு செயலிழந்திருக்கு. கனபேருக்குத் தானா மாறிடும். ஆனா சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றின்ர முதல் அடையாளமாவும் வரும். ரத்தம் சோதிச்சுப் பாப்பம்."

"எனக்கோ? நான் வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் தொடாதவன், டொக்டர்."

"அது மச்சத்தால வாறேல்லை, ஐயா." டொக்டர் சிரிக்கவில்லை. "தொற்று இருந்தாலும் மருந்து இருக்கு, கனகாலம் வாழலாம். செவ்வாய்க்கிழமை நேரில வாங்கோ. போனில சொல்ல மாட்டம்."

பொன்னம்பலம் விரல்விட்டு நாள் எண்ணினார். ஆறு கிழமைக்கு முன் துணி எடுக்கப் பாங்கொக் போனவர். தங்கியது நாலு இரவு. அதில் மூன்றைப் பற்றித்தான் மனைவி ஜெயராணிக்குச் சொல்லியிருந்தார்.

அவளோ மூடாத கண்ணுக்கு மருந்துத் துளி விட்டு, பக்கத்திலேயே படுத்தாள். அவளுக்கும் கொடுத்துவிட்டேனோ? கோப்பையால் தொற்றாது என்று டொக்டர் சொல்லியும் தன் தேத்தண்ணிக் கோப்பையை ஒளித்துவைத்தார்.

"ஏனப்பா என்னைக் கண்டா விலகுறியள்? இது ஒட்டுற வருத்தமே?"

அவருடைய வலக்கண் மட்டும் இமைத்தது.

"இந்த நேரத்திலயும் பகிடியோ!" என்று அவள் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெளியே போய்வந்தவர் வாசலிலேயே சொன்னார்: "ரத்தத்தில ஒண்டுமில்லையாம், ராணி. டொக்டர் கைகுடுத்து அனுப்பினவ."

சொல்லி முடிக்குமுன் கோணல் வாய் நேரானது. ஆறு நாளாக மூடாத கண் மூடியது. ஜெயராணி பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய், கோடு போட்டதுபோல் சரிபாதியாகப் பிளந்தது.

கொட்டாஞ்சேனையில் அவருடைய பரிசோதனை முடிவு, வாங்க ஆள் வராமல் இன்னும் கிடக்கிறது.