மிளகின் முதுகு

நான் பிறக்கும்போது கால்தான் முதலில் வெளியே வந்ததாம். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் காந்தி மார்க்கெட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எந்த லோடுமேனையும் கேட்டுப் பாருங்கள், வாழையிலைக் கடை வள்ளிக்கண்ணுவிடம் போ என்றுதான் சொல்லுவான். கால் முன்னால் வரப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வலிக்காரன் குப்புறப் படுக்க வேண்டும். நான் இடது காலால் வலியுள்ள இடத்தில் மூன்று தடவை லேசாக மிதிப்பேன். இப்படி மூன்று நாள். மிதித்து முடிகிறவரைக்கும் அவனும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது. இருபது வருஷமாக மிதித்துக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்குகிற ஆம்பளை ஒவ்வொருத்தனும் என் காலடியில் வந்து படுத்துவிட்டு, எழுந்து நிமிர்ந்து நடந்து போவான். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

விடியற்காலையில் கடை, பதினொரு மணிக்கெல்லாம் இலை தீர்ந்துவிடும். எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்கு வந்து சேர உச்சி வேளை ஆகும். வலிக்காரர்கள் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். வீட்டில் நான் ஒருத்தி, அப்புறம் மிளகு. மாடியில் குடியிருந்த பேங்க்காரர் மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன நாய் அது. பீரோ, கட்டில், தொட்டிச் செடி வரைக்கும் ஏற்றிக்கொண்டு போன மகராசனுக்கு நாய்க்கு மட்டும் லாரியில் இடமில்லை. நீள உடம்பு, கட்டைக் கால், கறுப்பு நிறம். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வீட்டுக்குள் நான் வாயைத் திறந்து பேசியது அதோடுதான். அதன்மேல் எனக்கு உயிர். நான் யாரையாவது மிதிக்கும்போது மிளகு கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, சத்தமே போடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சித்திரையில்தான் ஆரம்பித்தது. ஒருநாள் அது கட்டிலில் ஏறவில்லை. தினமும் ஒரே தாவாகத் தாவுகிற நாய், அன்றைக்குக் கட்டில் ஓரமாக நின்று என்னையே பார்த்தது. சோம்பேறிக் கழுதை என்று திட்டிவிட்டு நானே தூக்கிப் போட்டேன். தூக்கும்போது வீல் என்று கத்தியது. மறுநாள் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. தலையைத் தொங்கப்போட்டு, முதுகை வில்லாக வளைத்து, பின்னங்கால் நடுங்க நின்றது. அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை, பல்லிகூட இல்லை. யாரும் தொடாமலேயே கத்தும். கத்திவிட்டு, அடித்தவரைத் தேடுவதுபோலத் திரும்பிப் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரி காத்துக் கருப்பு என்றாள். போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அவளை அனுப்பினேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

மூன்றாம் நாள் மிளகு முற்றத்தைக் கடந்து நடந்ததைப் பார்த்தேன். இடுப்பை இடது பக்கம் ஒதுக்கி, வலது காலைத் தள்ளித் தள்ளி வைத்து நடந்தது. அந்த நடை எனக்குத் தெரிந்த நடை. வெங்காய மண்டி ஆரோக்கியராஜ் போன வாரம் இப்படித்தான் என் வீட்டுக்குள் வந்தான். மூன்று நாள் மிதித்தேன், நேராக நடந்து போய்விட்டான். இப்போது அவன் நடையை நாய் நடந்துகொண்டிருந்தது.

நான் மிதித்து எடுத்த வலியெல்லாம் எங்கே போகிறது? இருபது வருஷத்தில் இதை ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மிளகு இந்த வீட்டுக்கு வந்த பிறகு, ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது யார்?

புத்தி உள்ளவள் அப்போதே டாக்டரிடம் ஓடியிருப்பாள். என்னிடம்தான் கால் இருக்கிறதே. வந்த வழியாகவே வலியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நல்ல உச்சி வேளை. தெருவில் ஆள் இல்லை, மின்சாரமும் போயிருந்தது, ஃபேன் நின்று வீடு அப்படியே அடைத்துக்கொண்டது. மிளகு தரையில் குப்புறப் படுத்திருந்தது. கால் முழுவதையும் வைக்கவில்லை, பெருவிரல் நுனியை மட்டும் வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது தடவை, அவரைக்காயை அமுக்கினால் உள்ளே விதை நகருமே, அப்படி என் விரலுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. மிளகு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் இரண்டும் எழுந்தன. பின்னால் ஒன்றும் எழவில்லை.

ஸ்ரீரங்கத்தில் மைதிலி என்று ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார், சின்ன நாய்களுக்கு நன்றாகப் பார்ப்பார் என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். காவிரிப் பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மிளகின் உடம்பு விறைத்தது. ரெங்கா, இதை நடக்க வைத்துவிடு, வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். நடக்காவிட்டால் அதை முடமாக்கியது என் கால். அந்த எண்ணத்தோடு நான் எப்படி அந்த வீட்டில் இருப்பேன்?

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நிதானமான மனுஷி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே முதுகில் விரல் விரலாகத் தடவிப் பார்த்தார், படம் எடுத்தார். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம். நீள உடம்பும் கட்டைக் காலும் உள்ள சாதிக்கு இது வழக்கமாம். கட்டிலில் ஏறாதது, தூக்கினால் கத்தியது, முதுகை வளைத்தது, நடுங்கியது எல்லாமே வலிதான் என்றார். சுவரைப் பார்த்து நின்றதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"அது எதையும் பாக்கலம்மா. தலைய நிமிர்த்தினா வலிக்குது, அதனால குனிஞ்சு நிக்குது. அவ்வளவுதான்."

அப்புறம் மிளகின் பின்னங்கால் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நல்ல நாய் உடனே நிமிர்த்திக்கொள்ளுமாம். மிளகின் பாதம் மடங்கினபடியே கிடந்தது.

"பாத்தீங்களா, கால் மடங்கியிருக்கறது அதுக்கே தெரியல. வலி இருந்தாக்கூடத் தேவலை. தன் காலே தனக்குத் தெரியாமப் போறதுதான் மோசம்."

கடைசியாக ஒரு இடுக்கியால் கால்விரலை அழுத்தினார். மிளகு தலையைத் திருப்பியது. டாக்டரம்மா முகம் மலர்ந்தது, உணர்ச்சி ஆழத்தில் இன்னும் இருக்கிறது, நடக்க வாய்ப்பு உண்டு என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. விரலை அழுத்தியது அவர். மிளகு திரும்பிப் பார்த்தது என் இடது காலை.

எங்கேயாவது விழுந்ததா, யாராவது முதுகை அமுக்கினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டாம் தடவை கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆபரேஷன் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும், முதலில் மருந்தும் ஓய்வும் பார்க்கலாம் என்றார். ஆறு வாரம் அது நடக்கவே கூடாது, தாவக் கூடாது, படி ஏறக் கூடாது. சின்ன இடத்தில் அடைத்து வைக்க வேண்டும். தூக்கினால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு வளையாமல் பலகை தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். கழுத்துப் பட்டை கூடாது. மூத்திரம் போகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நாம் சாப்பிடுகிற வலி மாத்திரையைக் கொடுத்தால் நாய் செத்தே போகும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

நான்கு தக்காளிப் பெட்டிகளை வாழைநாரால் கட்டி, கூடத்து மூலையில் ஒரு அடைப்பு செய்தேன். தரை வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்தேன். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, வெளியே கொண்டுபோய் மூத்திரம் பெய்ய வைத்தேன். வேளை தவறாமல் மருந்து கொடுத்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டேன்.

அது என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. என் காலைத்தான் பார்க்கும். நான் சமையலறைக்குப் போனால் அதன் கண் என் காலோடு போகும், திரும்பி வந்தால் காலோடு திரும்பி வரும். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கால் இருக்கிற இடத்தைப் புடவைக்கு மேலேயே பார்க்கும். என் வீட்டுக்காரரின் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு நடந்தும் பார்த்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. சாப்பாடு வைக்கும்போது கையை நக்கும், கண் மட்டும் கீழேயே இருக்கும். உச்சி வேளை வந்தால் அதன் காது விறைக்கும். கேட் திறக்கிற சத்தம் அப்புறம்தான் வரும்.

வந்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பினேன். பங்காளி வீட்டில் சாவு, தீட்டு, மிதிக்கக் கூடாது என்று ஒரு பொய் சொல்லி வைத்தேன். ஒருத்தனும் சந்தேகப்படவில்லை. ஆனால் தீட்டுக்கும் கணக்கு உண்டு என்பது எனக்கு மறந்துவிட்டது.

பதினேழாம் நாள் உச்சி வேளைக்கு வீரமலை வந்தான். உருளைக்கிழங்கு மூட்டை இறக்குகிறவன், நாற்பது வயது, நாலு வருஷமாக என்னிடம் வருகிறவன். நான் அப்போதுதான் அடைப்பின் ஒரு பெட்டியை நகர்த்தி மிளகுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். பதினாறு முடிந்துவிட்டதே அக்கா, நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன் என்றான். இந்தத் தடவை இடுப்பு மட்டும் இல்லை, தொடை வழியாகக் கீழே வரைக்கும் இழுக்கிறதாம், மூட்டை தூக்கியே பத்து நாள் ஆகிறதாம். நான் என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் துண்டை விரித்து, குப்புறப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டான். படுத்துவிட்டால் பேசக்கூடாது. அந்தச் சட்டத்தை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நகம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. பதினேழு நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். மிளகு அடைப்பை விட்டு வெளியே வந்திருந்தது. நான்கு காலில் நின்றது. பின்பக்கம் ஆடியது, கால் ஒன்றோடொன்று தட்டியது, ஆனாலும் நடந்தது. பிடிக்கப் போனால் பயந்து துள்ளிவிடுமோ என்று அசையாமல் நின்றேன். என் கடவுளே, நடக்கிறது, நடந்துவிட்டது என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

அது கதவுப் பக்கம் போகவில்லை, கட்டிலுக்கு அடியிலும் போகவில்லை. நேராக வீரமலையிடம் வந்தது. அவன் பக்கத்தில் அவன் படுத்திருந்த மாதிரியே என் பக்கம் முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்தது. தாடையைத் தரையில் வைத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டு முதுகுகள் என் காலுக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தன. வீடு முழுக்க ஒரு சத்தம் இல்லை. என் இடது கால் தானாக ஒரு அங்குலம் தரையை விட்டு எழும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் தூக்கவில்லை. காலை ஓங்கித் தரையில் ஊன்றி நின்றேன்.

சத்தத்தில் வீரமலை கண்ணைத் திறந்தான். பக்கத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்து அவன் முகமெல்லாம் சிரிப்பு. பேசக்கூடாது என்பதையே மறந்துவிட்டான்.

"பாருங்கக்கா, அதுக்கே தெரிஞ்சிருக்கு. மொதல்ல அத மிதிச்சு விடுங்க, பாவம்."

டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை சொல்லாததை அவனிடம் சொன்னேன். "மிதிச்சுட்டேன் வீரமலை. மிதிச்சதாலதான் அதுக்குக் கால் போச்சு."

அவன் சிரிப்பு போக நேரம் ஆனது. என் காலைப் பார்த்தான். நாய் பார்க்கிற மாதிரியே பார்த்தான். கையை ஊன்றி, மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப என்னைய மிதிச்சதெல்லாம்?"

"தெரியலப்பா," என்றேன். "எனக்குத் தெரியல. நீ நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ."

வீரமலை எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். வாசலில் குனிந்து இரண்டு செருப்பையும் பார்த்துப் பார்த்து மாட்டிக்கொண்டான். "போயிட்டு வரேன்க்கா," என்றான், வழக்கமாகச் சொல்கிற மாதிரியே. நான் தரையில் உட்கார்ந்து, நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்பக்கத்துக்கு அடியில் ஒரு கை கொடுத்து மிளகைத் தூக்கினேன். அடைப்புக்குள் வைத்துப் பெட்டியை நகர்த்தி மூடினேன். அது என் முகத்தைப் பார்த்தது.

எழுந்து கேட்டைச் சாத்தப் போனேன். கேட்டுக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில் வீரமலையின் இடது செருப்பு கிடந்தது. அவன் தெருவில் பாதி தூரம் போயிருந்தான். ஒரு காலில்தான் செருப்பு. இன்னொரு கால் உச்சி வெயிலில் கொதிக்கிற தாரில் வெறுமையாக, விரல் மடங்கி இழுபட்டுக்கொண்டே போனது. அவன் நிற்கவில்லை, காலை உதறவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நடக்காதே, நில்லு, அப்படியே நில்லு என்று கத்திக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன். தார் என் கால் இரண்டையும் பொசுக்கியது.