கழுவிய கீரை

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு பட்டறை. பழைய ஒயர்களைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். கரியெல்லாம் எங்கள் கீரைப் பாத்தியில்தான் வந்து படியும். தங்கச்சியின் கை முழுக்கக் கொப்புளம் கிளம்பிய பிறகு அப்பா புகார் கொடுத்தார். மண்ணிலும் கீரையிலும் நஞ்சு இருக்கிறதென்று அளந்து சொல்லிவிட்டால் பட்டறையை மூடிவிடுவார்களாம்.

அளப்பதற்கு ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் உறை, பையில் கண்ணாடி பாட்டில்கள், அலுமினியத் தாள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரியோடு கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? கீரையைப் பறித்து, குழாயடியில் மூன்று தண்ணீர் மாற்றி அலசி, தட்டில் வைத்து நீட்டினாள். அவர் பார்த்துக்கொண்டேதான் நின்றார். வேண்டாமென்று ஒரு வார்த்தை இல்லை. சிரித்தார்.

"சுத்தத்துல உங்கள அடிச்சிக்க ஆளில்லம்மா."

பாத்தி சேறாக இருக்கிறதென்று வாசல் பூந்தொட்டியில் மண் அள்ளினார். அது போன மாதம் கடையில் வாங்கிப் போட்ட மண் என்று அப்பா சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அந்தப் பாராட்டை அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். பிறகு முடிவு வந்தது: நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை. பட்டறையில் அன்று இரண்டு குவியலைச் சேர்த்துக் கொளுத்தினார்கள்.

அப்பா ஆய்வகத்துக்கே போனார். இலையைக் கழுவிவிட்டால் அதில் படிந்தது எப்படி நிற்கும் என்று அங்கிருந்த பெண் அவரையே திருப்பிக் கேட்டாளாம். கழுவக் கூடாது என்பதுதான் அந்த வேலையில் முதல் பாடமாம். அப்படியென்றால் அந்த ஆள் தெரிந்தேதான் சிரித்திருக்கிறான். இனி அவனுக்கு 'அவர்' என்ன வேண்டிக்கிடக்கிறது? திங்கட்கிழமை வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

உன் சுத்தம்தான் குடியைக் கெடுத்தது என்று அப்பா கத்தினார். அம்மா தங்கச்சியைக் கொல்லைப்பக்கமே விடவில்லை. பாத்திக்குத் தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றினாள். இலைகள் கறுத்துக்கொண்டே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாலை மழை பிடித்தது. வீட்டில் இருந்த ஒரே குடையைத் தூக்கிக்கொண்டு அம்மா பாத்திக்கு ஓடினாள். தான் தொப்பலாக நனைந்தபடி, கீரைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்து நின்றாள். பட்டறை ஆட்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"கீரைக்குக் குடை பிடிக்கிற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றான் ஒருவன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கீரைக்கு இல்லடா. நீ போட்ட கரிக்கு."